கடையும் வீடும் உறவும்: ஒரு டச்சுப் பட்டு வணிகக் குடும்பத்தின் கதை

கடைக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தால் கை நேராகக் கல்லாப் பெட்டிக்குத்தான் போகிறது. சரக்குப் பிடிக்கப் பணம் போதாவிட்டால் அடகுக்குப் போவது வீட்டு நகைதான். மைத்துனர் கேட்டால் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறோம். மகன் தலையெடுத்துவிட்டால் கடைச் சாவியையே கொடுத்துவிடுகிறோம். இவற்றில் எதையும் தவறு என்று சொல்லிவிட முடியாது. குடும்பம் இல்லாமல் சிறு வியாபாரம் இல்லை. ஆனால் எந்த இடத்தில் குடும்பம் கடையைத் தாங்குகிறது, எந்த இடத்தில் கடை குடும்பத்தையே இழுத்துக்கொண்டு விழுகிறது என்பதை ஒவ்வொரு வணிகரும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதை விளக்க ஒரு பழைய குடும்பத்தின் கதையை இங்கே தருகிறோம். ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 17-ஆம் நூற்றாண்டில் பட்டு வியாபாரம் செய்த குடும்பம் அது. தூரத்து ஊர், வேறு காலம், வேறு மதம். ஆனாலும் படித்து முடிக்கும்போது, நம் பக்கத்துக் கடைக்காரர் கதை போலவே இருக்கிறதே என்று அங்கத்தினர்களுக்குத் தோன்றும் என்று நம்புகிறோம்.

ஊரும் வீதியும்

1585-ஆம் ஆண்டு ஸ்பானியப் படைகளிடம் ஆன்ட்வெர்ப் நகரம் வீழ்ந்தது. அதற்கு முன்னும் பின்னும் மதக் காரணங்களுக்காக அங்கிருந்து ஆயிரக்கணக்கான வணிகர்களும் கைவினைஞர்களும் வெளியேறினார்கள். பலர் வடக்கே ஆம்ஸ்டர்டாமில் குடியேறினார்கள். அவர்கள் கையோடு கொண்டுவந்த பணத்தைவிடத் தொழிலறிவும் வெளியூர்த் தொடர்புகளுமே அந்த ஊருக்குப் பெரிய முதலாக அமைந்தன. பட்டு வியாபாரமும் அப்படித்தான் அங்கே வளர்ந்தது.

கச்சாப் பட்டு முதலில் இத்தாலியிலிருந்து வந்தது. பிறகு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பாரசீகத்திலிருந்து 1623 முதலும், பின்னர் வங்காளத்திலிருந்தும் கப்பல்களில் கொண்டுவந்தது. நூல் முறுக்குபவர், சாயம் தோய்ப்பவர், நாடா நெய்பவர், காலுறை பின்னுபவர் என்று பல கை மாறித்தான் அது கடைக்கு வரும். பட்டு விலையுயர்ந்த சரக்கு. வாங்குபவர்கள் பெரும்பாலும் கடனுக்கே வாங்குவார்கள். பணம் திரும்பி வர மாதக் கணக்கில், சில சமயம் வருடக் கணக்கில் ஆகும். ஆகவே பட்டுக் கடைக்காரருக்குச் சரக்கை விடப் பேரேட்டில் உள்ள பாக்கிதான் பெரிய சொத்து. பெரிய ஆபத்தும் அதுதான்.

ஆம்ஸ்டர்டாமில் துணிக்கும் பட்டுக்கும் பேர்போன கடைத்தெரு வார்மூஸ் வீதி. வீட்டுக்கு எண் போடும் வழக்கம் அப்போது இல்லை. கடைக்கு முன்னால் தொங்கும் பலகையே விலாசம். அந்த வீதியில் 'நேர்மையான விசுவாசம்' என்று பொருள்படும் பெயர்ப்பலகையோடு ஒரு கடை இருந்தது. பட்டுக் காலுறை விற்கும் கடை. அதன் உரிமையாளர் யோஸ்ட் ஃபான் டென் வொண்டெல். இவருடைய மகனுக்கும் இதே பெயர். அந்த மகன் பிற்காலத்தில் டச்சு மொழியின் மிகப் பெரிய கவிஞராகவும் நாடக ஆசிரியராகவும் புகழ் பெற்றார். ஆனால் நாம் இங்கே பார்க்கப் போவது கவிஞரை அல்ல, காலுறைக் கடைக்காரரை.

வொண்டெல் குடும்பம் மென்னோனைட் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. அதன் காரணமாகவே ஆன்ட்வெர்ப்பை விட்டு ஓடி ஜெர்மனியின் கொலோன் நகரில் தங்கியது. அங்கே தந்தை தொப்பி செய்து பிழைத்தார். மகன் 1587-இல் அங்கேதான் பிறந்தார். அங்கும் நிம்மதி இல்லாமல் ஊர் ஊராக அலைந்து, 1597 வாக்கில் ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தார்கள். தொப்பியை விட்டுக் காலுறைக்கு மாறினார்கள். தந்தை சுமார் பத்தாண்டுகளில் காலமானார். தாயும் மகனுமாகக் கடையை நடத்தினார்கள். சில ஆண்டுகளில் கடை மகன் பொறுப்புக்கு வந்தது.

பெண் கொடுத்து, பெண் எடுத்து

1610-இல் மகன் வொண்டெல் மைக்கன் டெ வோல்ஃப் என்ற பெண்ணை மணந்தார். அவரும் கொலோனிலிருந்து வந்த பட்டுத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர்; அதே மென்னோனைட் பிரிவு. மைக்கனின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான ஹான்ஸ் டெ வோல்ஃப் என்ற பட்டு வணிகர், வொண்டெலின் அக்காள் தங்கையரில் ஒருவரான கிளெமென்சியாவை மணந்திருந்தார். அதாவது பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு. நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இது வெறும் சம்பிரதாயம் அல்ல, தொழிலுக்கான ஏற்பாடும்தான். வெளியூர்க்காரர் ஒருவர் சரக்குக் கேட்டால் கடனுக்குக் கொடுக்கலாமா, வேண்டாமா? இன்று வங்கியில் விசாரிக்கலாம், வரிப் பதிவைப் பார்க்கலாம். அன்று விசாரிக்க இருந்த ஒரே இடம் உறவும் சபையும்தான். கொலோனில் இருக்கும் மாமனார் வீட்டார் சொன்னால் கொலோன் வாடிக்கையாளரை நம்பலாம். மேலும், கடனில் நாணயம் தவறியவரை மென்னோனைட் சபை சும்மா விடாது. சபையிலிருந்தே தள்ளி வைக்கும். அந்தப் பயம் கோர்ட்டுக்கும் மேலே வேலை செய்தது. ஒரே சபைக்குள், ஒரே தொழிலுக்குள் சம்பந்தம் செய்ததற்கு இது ஒரு காரணம்.

கடையைக் கவனித்ததில் மைக்கனுக்குப் பெரும் பங்கு உண்டு. கணவர் லத்தீன் மொழி கற்கவும் நாடகம் எழுதவும் உட்கார்ந்தபோது, வாடிக்கையாளரையும் சரக்கையும் பார்த்துக்கொண்டது மனைவிதான். அன்றைய டச்சுச் சட்டத்தில் மணமான பெண் கணவன் சம்மதமின்றி ஒப்பந்தம் செய்ய முடியாது. ஆனால் கணவனுக்குத் தெரிய கடை நடத்தும் பெண்ணைச் சட்டம் 'ஊரறிந்த வணிகப் பெண்' என்று ஏற்றுக்கொண்டது. கடை விஷயமாக அவள் வாங்கும் கடன் அவளையும் கட்டும், கணவனையும் கட்டும். சரக்குக் கொடுப்பவருக்கு அது தெம்பாக இருந்தது.

உறவு ஆபத்துக்கும் உதவியது. 1625-இல் வொண்டெல் எழுதிய ஒரு நாடகம், ஆட்சியாளர்கள் ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு முதிய அரசியல் தலைவருக்கு மரண தண்டனை கொடுத்ததை மறைமுகமாகச் சாடியது. கைது செய்யத் தேடியபோது அவர் முதலில் ஒளிந்தது சகோதரி கிளெமென்சியா வீட்டில்தான். பிறகு நண்பர் ஒருவர் வீட்டுக்கு மாறினார். நகர நிர்வாகம் அவரை வெளியூர் அதிகாரிகளிடம் ஒப்படைக்காமல் 300 கில்டர் அபராதத்தோடு விட்டுவிட்டது. ஒரு தேர்ந்த கைவினைஞரின் ஏறக்குறைய ஒரு வருடக் கூலி அது. கடை நன்றாக ஓடியதால் அபராதத்தைக் கட்ட முடிந்தது.

வீட்டில் என்ன இருந்தது?

வார்மூஸ் வீதி போன்ற இடங்களில் கடையும் வீடும் ஒரே கட்டடம். முன்கட்டில் கடை. பின்கட்டில் குடும்பம் புழங்கும் அறையும் சமையலறையும். மேலே படுக்கை அறைகள். உச்சி மச்சில் சரக்கு. கூரை முகட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் உத்திரத்தில் கப்பி கட்டி, மூட்டைகளைத் தெருவிலிருந்தே நேராக மேலே இழுத்துவிடுவார்கள். மச்சு உலர்ந்த இடம் என்பதால் பட்டுக்குப் பாதுகாப்பு.

இப்படிப்பட்ட வீடுகளில் என்னென்ன பொருள்கள் இருந்தன என்பது இன்று நமக்கு வியக்கத்தக்க அளவு தெரியும். காரணம், அவர்கள் பட்டியல் போட்டார்கள். வீட்டில் ஒருவர் இறந்தாலோ, மறுமணம் என்றாலோ, கடன் தீர்க்க முடியாமல் நொடித்தாலோ, நோட்டரி வந்து அறை அறையாக நடந்து பொருள்களை எழுதுவார். வீட்டுச் சாமான்களுக்கு விலை மதிப்புப் போட, பிரமாணம் செய்துகொண்ட பெண் மதிப்பீட்டாளர்கள் நகரத்தில் இருந்தார்கள். துணிமணியும் பாத்திரமும் என்ன விலை போகும் என்பதைப் பெண்களைவிட யார் அறிவார்?

அந்தப் பட்டியல்களில் வருபவை இவை: இறகு மெத்தைகள், தலையணைகள், கம்பளிகள். ஓக் மரத்தில் செய்த பெரிய துணி அலமாரி; அதனுள் மடித்து அடுக்கிய படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, கைத்துண்டு, சட்டைகள், டஜன் டஜனாக. பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகள், செப்புப் பானைகள், ஈயத் தட்டுகள். குளிர்காலத்தில் காலுக்கு அடியில் வைத்துக்கொள்ளும் கணப்புப் பெட்டி. எடை போட்டு எழுதிய வெள்ளிக் கரண்டிகள், கிண்ணங்கள். சீனப் பீங்கான், அதைப் பார்த்து டெல்ஃப்ட் நகரில் செய்த நீலப் பூ வேலைத் தட்டுகள். வேதாகமம். மேசைமேல் விரித்த துருக்கிக் கம்பளம். அதைத் தரையில் போட மனம் வராத அளவுக்கு விலை அதிகம். சுவரில் ஓவியங்கள், சாதாரணக் கடைக்காரர் வீட்டிலும் சில இருக்கும்.

நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தப் பட்டியல்களில் நம் ஊர்ச் சரக்கும் வருகிறது. சோழமண்டலக் கரையில் எழுதிச் சாயம் தோய்த்த சீட்டித் துணி அது. மெத்தை உறையாகவும், ஆண்கள் வீட்டில் அணியும் தளர்ந்த அங்கியாகவும் டச்சு வீடுகளுக்குப் போனது. டச்சுக் கம்பெனி பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டியது. 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றி 1781 வரை வைத்திருந்தது. அந்தத் துறைமுகங்கள் வழியாகத்தான் நம் நெசவாளர் கைவேலை ஆம்ஸ்டர்டாம் அலமாரிக்குள் போயிற்று.

வீட்டுச் சாமான்களை எழுதி முடித்த பிறகு நோட்டரி கடைச் சரக்கை எழுதுவார். அதன் பிறகு பேரேடு. வர வேண்டிய பாக்கிகளை மூன்றாகப் பிரிப்பது வழக்கம்: வரும் கடன், ஐயக் கடன், வாராக் கடன். கடைசியில் கொடுக்க வேண்டியது. கழித்துப் பார்த்தால் குடும்பத்தின் உண்மையான நிலைமை தெரிந்துவிடும். வெளியே பளபளப்பாக இருந்த சில வீடுகளில் மிச்சம் ஒன்றுமில்லை என்பதும் அப்போதுதான் தெரியும்.

பாதிக்குப் பாதி

இந்தப் பட்டியல்களுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. தனி ஒப்பந்தம் எழுதாவிட்டால், திருமணத்தோடு கணவன் மனைவி சொத்து இரண்டும் ஒன்றாகிவிடும். கடனும் அப்படித்தான். ஒருவர் இறந்தால் பாதி உயிரோடு இருப்பவருக்கு. மறு பாதி வாரிசுகளுக்கு. ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் சம பங்கு.

சிறு குழந்தைகளை விட்டுத் தாய் இறந்துவிட்டால் என்ன ஆகும்? தந்தை மறுமணம் செய்ய வேண்டுமானால், தாய் வழியில் குழந்தைகளுக்குச் சேர வேண்டிய பங்கு எவ்வளவு என்பதை முதலில் கணக்குக் காட்ட வேண்டும். இதைக் கவனிக்க நகரத்தில் அநாதைக் குழந்தைகள் சொத்துக் காப்பு மன்றம் ஒன்று இருந்தது. கடை முதலில் குழந்தைகளின் பங்கு கலந்திருக்கிறது என்பதைத் தந்தை மறந்தாலும் மன்றம் மறக்காது.

கடன் தலைக்கு மேல் போனவர்களுக்கு, நொடித்தவர் சொத்து மன்றம் என்று இன்னொன்றை ஆம்ஸ்டர்டாம் நகரம் 1643-இல் ஏற்படுத்தியது. நம் கடைத்தெருவில் 'ஐ.பி. கொடுப்பது', 'மஞ்சள் கடுதாசி' என்று சொல்வோமே, அது அங்கேதான் நடக்கும். 1656-இல் அந்த ஊரின் பெரிய ஓவியர் ரெம்பிராண்ட் அப்படிச் சொத்தை ஒப்படைத்தார். அவர் வீட்டுப் பொருள்களின் பட்டியல் 363 இனங்கள் கொண்டது. அது இன்றும் இருக்கிறது. தலையணைகூட விடுபடாமல் எழுதியிருக்கிறார்கள்.

மகன் கையில் கடை

வொண்டெல் வீட்டில் துக்கங்கள் அடுத்தடுத்து வந்தன. ஒரு மகன் குழந்தையிலேயே இறந்தான். எட்டு வயது மகள் இறந்தாள். 1635-இல் மனைவி மைக்கன் இறந்தார். மிஞ்சியவர்கள் மூத்த மகன் யோஸ்டும் மகள் அன்னாவும். 1641 வாக்கில் வொண்டெல் கத்தோலிக்க மதத்துக்கு மாறினார். பழைய சபையின் நெருக்கமான பிடி அத்தோடு தளர்ந்தது.

பின்னாளில் கடை மகன் கைக்குப் போனது. அவர் பிறந்தது 1612-இல். தந்தை, தாய், அத்தை வீடு எல்லாமே பட்டுத் தொழில். கடைக்குள்ளேயே வளர்ந்த பிள்ளை. ஆனால் கடைக்குள் வளர்ந்ததாலேயே கடை நடத்தத் தெரிந்துவிடும் என்று சொல்ல முடியாது. செலவு வரவை மீறியது. கடன் மேல் கடன் ஏறியது. தந்தையோ தம் கவிதை உலகில் இருந்தார். 1654-இல் அவருடைய மிகப் புகழ் பெற்ற நாடகம் இரண்டே காட்சிகளில் நிறுத்தப்பட்டு அந்தக் கவலையில் இருந்தார். தம் பெயர்ப்பலகையின் கீழ் என்ன நடக்கிறது என்பதை அவர் முழுமையாகப் பார்த்தபோது காலம் கடந்துவிட்டது.

1657-இல், எழுபது வயதை நெருங்கிய நிலையில், அவர் கப்பலேறி டென்மார்க் போனார். காலுறை வியாபாரத்தில் அங்கே நின்றிருந்த பழைய பாக்கிகளை வசூல் செய்வதற்காக. பாக்கி வசூலுக்கு அலைந்தவர்களுக்கு அந்தப் பயணம் எப்படி இருந்திருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

மகனை ஐ.பி. கொடுக்க விட்டுவிட்டு ஒதுங்கியிருக்கலாம். நொடித்தவர் மன்றம் இருந்தது. ரெம்பிராண்ட் அந்த வழியில் போய் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வொண்டெல் அதைச் செய்யவில்லை. குடும்பத்தின் பெயரில் இருந்த கடனைத் தம் சொத்தைக் கொண்டு அடைத்தார். மொத்தம் சுமார் 40,000 கில்டர் என்று சொல்லப்படுகிறது. ஒரு ஆயுள் முழுக்கக் காலுறை விற்றுச் சேர்த்தது அத்தனையும் போயிற்று.

மகனைக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். 1659-இன் இறுதியில் கிளம்பினார். அங்கே போய்ச் சேரவில்லை. 1660-இல் வழியிலேயே கடலில் இறந்தார்.

அடகு வங்கியில் ஒரு எழுத்தர்

1658 ஜனவரியில், எழுபது வயதில், வொண்டெல் வேலைக்குப் போனார். நகர மேயர் குடும்பத்துப் பெண்மணி ஒருவரின் சிபாரிசில் கிடைத்த வேலை அது. கந்துவட்டிக்காரர்களிடமிருந்து ஏழைகளைக் காக்க 1614-இல் நகரமே தொடங்கிய அடகு வங்கியில் எழுத்தர் வேலை. ஆண்டுக்கு 650 கில்டர் சம்பளம். அவர் அடைத்த கடனைச் சம்பளமாகக் கணக்கிட்டால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வரும்.

அந்த வேலை என்ன என்பதை எண்ணிப் பாருங்கள். பிறர் வீட்டுப் பொருள்கள் அடகுக்கு வரும். அவற்றைப் பேரேட்டில் எழுத வேண்டும். விரிப்பு, கம்பளி, வெள்ளிக் கரண்டி, நல்ல நாளில் உடுத்தும் உடுப்பு. முன்னே அவரே விற்ற பட்டுக் காலுறை போன்ற சரக்கு இப்போது அடகுப் பொருளாக மேசைக்கு வரும். பத்தாண்டுகள் அந்த மேசையில் உட்கார்ந்தார். 1668-இல், எண்பது வயதில், முழுச் சம்பளத்தோடு ஓய்வு கொடுத்தார்கள். திருமணம் செய்துகொள்ளாத மகள் அன்னா அவருடைய வீட்டைக் கவனித்துவந்தார். அவரும் 1675-இல் தந்தைக்கு முன்பே இறந்தார். வொண்டெல் 1679-இல் தம் 91-ஆம் வயதில் காலமானார். பதினான்கு கவிஞர்கள் அவர் உடலைச் சுமந்து சென்றார்கள்.

குடும்பத்தின் மறு கிளை

இதே குடும்பத்தில் இன்னொரு வீட்டையும் பார்ப்போம். சகோதரி கிளெமென்சியாவின் மகனுக்கும் தந்தை பெயர்தான், ஹான்ஸ் டெ வோல்ஃப். 1613-இல் பிறந்தவர். மாமன் மகன் யோஸ்டைவிட ஒரு வயது இளையவர். அதே உறவு, அதே தொழில். இவருடைய பட்டு வியாபாரம் நன்றாக நின்றது. 1649-இல் அக்னெஸ் பிளாக் என்ற பெண்ணை மணந்தார். பெற்றோரை இழந்து, ஆம்ஸ்டர்டாமில் துணி வியாபாரம் செய்த உறவினர் வீட்டில் வளர்ந்தவர் அக்னெஸ். இங்கும் மென்னோனைட் சபை, இங்கும் துணித் தொழில்.

1670-இல் ஹான்ஸ் இறந்தார். குழந்தைகள் இல்லை. அந்த ஆண்டே அக்னெஸ், ஃபெக்ட் ஆற்றங்கரையில் லூனன் என்ற ஊரில் ஒரு தோட்ட வீட்டைத் தம் பெயரில் வாங்கினார். 'ஃபைவர்ஹோஃப்' என்பது அதன் பெயர். குளத்தோட்டம் என்று சொல்லலாம். 1674-இல் சிப்ரன்ட் டெ ஃப்ளினெஸ் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். அவரும் பட்டு வணிகரே.

அந்தத் தோட்டத்தில் வெளிநாட்டுச் செடிகளை வளர்த்தார் அக்னெஸ். விதையும் கன்றும் அறிஞர்களிடமிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வரவழைத்தார். 1687-இல் அங்கே அன்னாசி காய்த்துப் பழுத்தது. ஐரோப்பாவில் அன்னாசியைப் பழுக்க வைத்த முதல் சிலரில் அவரும் ஒருவர். மலர்ந்த ஒவ்வொரு பூவையும் படமாக வரைய மரியா சிபில்லா மேரியன், ஹெர்மன் சாஃப்ட்லெவன், அலிடா வித்தூஸ் போன்ற ஓவியர்களை அமர்த்தினார். யான் வேனிக்ஸ் வரைந்த குடும்ப ஓவியம் ஒன்றில் அக்னெஸும் சிப்ரன்டும் தோட்ட வீட்டின் முன் அமர்ந்திருக்கிறார்கள். அன்னாசிச் செடி பக்கத்தில் இருக்கிறது. பட்டில் வந்த லாபம் இப்படிச் செடியாகவும் படமாகவும் மாறியது.

கடன்பட்ட மாமனை இந்தக் கிளை கைவிட்டுவிடவில்லை. வொண்டெல் முதுமையில் அக்னெஸின் வீட்டுக்கு வேண்டிய விருந்தாளி. தம் மருமகளுக்காகக் கவிதைகள் எழுதினார். சொத்துப் போன பிறகும் அந்த உறவு போகவில்லை.

அக்னெஸ் 1704-இல் இறந்தார். பிள்ளைகள் இல்லாததால் தொகுப்பு கைமாறிக் கலைந்தது. தோட்ட வீடும் பிற்காலத்தில் இடிக்கப்பட்டது. படங்கள் பல அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. பொருள் எந்த வீட்டிலும் நிரந்தரமாகத் தங்குவதில்லை என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

வொண்டெல் மகனுடைய கடனைத் தீர்த்தது சரியா, தவறா? நம் கூட்டத்தில் இதைக் கேட்டால் இரண்டு பக்கமும் பேசுவார்கள். சரக்கு கொடுத்தவர்களின் பணம் திரும்பியது, பெயர் கெடவில்லை என்பார்கள் சிலர். எழுபது வயதில் மேசைக்கு வேலைக்குப் போக வைத்த பெயர் எதற்கு என்பார்கள் சிலர். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த நிலைமை வராமல் தடுத்திருக்க முடியுமா என்பதே நமக்கு வேண்டிய கேள்வி.

முடியும் என்றே நாம் நினைக்கிறோம். அந்த ஊரில் பட்டியல் போடும் வழக்கம் இருந்தது. ஆனால் பெரும்பாலும் சாவுக்குப் பிறகோ, நொடித்த பிறகோதான் போட்டார்கள். நாம் அதை உயிரோடும் நலமாகவும் இருக்கும்போதே செய்யலாம். வருடத்துக்கு ஒரு முறை கடைச் சரக்கைத் தனியாக, வீட்டுப் பொருளைத் தனியாக எழுதுங்கள். வெளிப் பாக்கியை வரும் கடன், ஐயக் கடன், வாராக் கடன் என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். வாராக் கடனை லாபமாக எண்ணிச் செலவு செய்வதுதான் பல கடைகளைச் சாய்த்தது.

கல்லாவில் உட்காரும் மனைவிக்கோ மகளுக்கோ கணக்கு முழுவதும் தெரிந்திருக்கட்டும். மைக்கன் இருந்தவரை அந்தக் கடையில் கண் வைக்க ஒருவர் இருந்தார் என்பதை மறக்க வேண்டாம். மகனிடம் கடையை ஒப்படைக்கும்போது சாவியோடு ஐந்தொகையையும் கொடுங்கள். அன்றைக்கு என்ன இருப்பு, என்ன கடன் என்று இருவரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். அதன் பிறகு மாதம் ஒரு முறையாவது பேரேட்டைக் கேட்டுப் பாருங்கள். மகன் மேல் சந்தேகம் என்று இதற்குப் பொருளில்லை. கடன் சிறியதாக இருக்கும்போதே தகப்பனிடம் சொல்ல மகனுக்கு அது ஒரு வாசல்.

உறவுக்காக ஜாமீன் போட நேர்ந்தால், எவ்வளவு வரை, எத்தனை நாள் வரை என்று எழுதிப் போடுங்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பெரியவர்கள் சொன்னது உறவை வெட்டிக்கொள்வதற்கு அல்ல. கணக்கு நேராக இருக்கும் வீட்டில்தான் மைத்துனரும் மருமகளும் நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் வந்து போக முடியும். இந்த வருடக் கணக்கு முடிக்கும்போது, வீட்டுக்கும் ஒரு பட்டியல் எழுதிப் பார்க்குமாறு அங்கத்தினர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.